எம்.எஸ். என்றால் எந்தப் பாட்டு?

முசிரி சுப்பிரமணிய ஐயர் என்றால் 'திருவடி சரணம்'. மதுரை மணி ஐயர் என்றால் 'எப்போ வருவாரோ'. கே.பி. சுந்தராம்பாள் என்றால் 'பழம் நீயப்பா'. பழைய ரசிகர்களிடம் கேட்டால் யோசிக்காமல் சொல்லிவிடுவார்கள். எம்.எஸ். சுப்புலட்சுமி என்று வரும்போதுதான் தகராறு ஆரம்பிக்கிறது. 'மீரா' படத்தைத் திரையரங்கில் பார்த்த தலைமுறைக்கு 'காற்றினிலே வரும் கீதம்'. அதிகாலை வானொலியோடு வளர்ந்தவர்களுக்கு வேங்கடேச சுப்ரபாதம். அவர்களுக்குப் பின்னால் வந்தவர்களுக்கு 'குறையொன்றுமில்லை'. வடக்கே போனால் 'ஹரி தும் ஹரோ' என்பார்கள். சபா முன்வரிசைக்காரர்கள் இது எதையும் ஒப்புக்கொள்ளாமல், சங்கராபரணத்தையோ காம்போதியையோ சொல்லிவிட்டுக் காப்பி குடிக்கப் போய்விடுவார்கள்.

இது பொழுதுபோக்கு விவாதம்தான். ஆனால் ஒரு கலைஞரைச் சமூகம் எந்த வடிவத்தில் நினைவில் வைத்துக்கொள்ள விரும்புகிறது என்பது இதில் தெரிந்துவிடுகிறது. அதனால் கொஞ்சம் உட்கார்ந்து பேசலாம்.

முதலில் ஒரு சிக்கல். தானே பாட்டெழுதி, தானே மெட்டமைத்துப் பாடுகிற மேலைநாட்டுக் குழுக்களுக்கு இந்தக் கேள்வி இயல்பானது. 1975இல் வந்த 'போஹீமியன் ராப்சடி'யை குவீன் குழுவின் அடையாளம் என்று சொன்னால், அதை எழுதியவரும் பாடியவரும் ஃப்ரெடி மெர்க்குரிதான். பாட்டு அவருடைய சொத்து. கர்நாடக சங்கீதத்தில் பாட்டு தியாகராஜருடையது, தீட்சிதருடையது. பாடுகிறவருக்குச் சொந்தமானது பாடாந்தரமும் மனோதர்மமும் மட்டும். எம்.எஸ். ஒரு பாட்டுக்கூட எழுதியவரில்லை. ஆகவே அவரை அடையாளம் காட்டுகிற பாட்டு எது என்று கேட்டவுடனேயே, அந்தப் பாட்டை அவர் கையில் கொடுத்தவர் யார் என்ற இரண்டாவது கேள்வியும் எழுகிறது. விவாதங்களில் இதை யாரும் கேட்பதில்லை. எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது.

'காற்றினிலே வரும் கீத'த்திலிருந்து ஆரம்பிப்போம். எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய 'மீரா' 1945இல் வெளிவந்தது. தயாரித்தவர் கணவர் டி. சதாசிவம். பாட்டை எழுதியவர் அவருடைய நண்பரும் பத்திரிகைக் கூட்டாளியுமான கல்கி. இசை எஸ்.வி. வெங்கட்ராமன். 'கல்கி' பத்திரிகை 1941இல் ஆரம்பித்தபோது அதற்கு மூலதனம் சேர்ப்பதற்காகவே எம்.எஸ். 'சாவித்திரி' படத்தில் நாரதர் வேடம் போட்டார் என்பது தெரிந்த கதை. விகடனில் 'கர்நாடகம்' என்ற பெயரில் பாடகர்களைச் சலித்தெடுத்த விமர்சகர், தான் மெச்சிய குரலுக்குத் தானே பாட்டெழுதும் இடத்துக்கு வந்துவிட்டார். விமர்சகர்களில் எத்தனை பேருக்கு இந்த வாய்ப்பு கிடைக்கும்!

பாட்டு அந்த 78 சுழற்சி இசைத்தட்டுக்கு அளவெடுத்துத் தைத்தது. தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடம், மிஞ்சிப்போனால் கொஞ்சம் கூட. ராகத்தை விரிக்க இடமில்லை. முதல் சுவரத்திலேயே ஆளைப் பிடித்தாக வேண்டும். சிந்துபைரவியின் சாயலும் வடநாட்டு பஜனையின் குழைவும் சேர்ந்த மெட்டு. சங்கீதம் தெரியாத எவரையும் அது நிறுத்திக் கேட்க வைத்தது. 1947இல் 'மீரா' இந்தியில் வெளிவந்தபோது எம்.எஸ். நாடு முழுவதும் தெரிந்த பெயரானார். அதோடு அவர் சினிமாவையும் விட்டார். பிறகு ஆயுள் முழுக்க அவரைப் பலர் மீராவாகவே பார்த்தார்கள். அந்த வேடத்தைக் கலைக்க அவரும் முயலவில்லை, சுற்றியிருந்தவர்களும் விடவில்லை.

ஐந்து வருஷம் பின்னால் போனால் வேறொரு எம்.எஸ். இருக்கிறார். 1940இல் வந்த 'சகுந்தலை'யில் ஜி.என். பாலசுப்பிரமணியத்தோடு அவர் பாடிய 'பிரேமையில்' காதல் பாட்டு. அதில் துறவு இல்லை, பக்தி இல்லை. இரண்டு இளம் குரல்கள் ஒன்றையொன்று சீண்டிக்கொண்டு போகின்றன. இந்த விவாதத்தில் அதன் பெயரை யாராவது சொல்லி நான் கேட்டதில்லை. பாட்டு நன்றாக இல்லை என்பது காரணமல்ல. பின்னால் உருவான பிம்பத்தில் அதற்கு இடமில்லாமல் போயிற்று, அவ்வளவுதான்.

பிம்பம் உருவான வழியில் 'ஹரி தும் ஹரோ'வுக்குப் பெரிய பங்கு உண்டு. அந்த மீரா பஜனையை எம்.எஸ். குரலில் கேட்க காந்தி விரும்பினார். சென்னை வானொலி நிலையத்தில் ஒரே இரவில் பதிவுசெய்து தில்லிக்கு விமானத்தில் அனுப்பினார்கள். 1947 அக்டோபர் 2, அவருடைய கடைசிப் பிறந்தநாள். நான்கு மாதத்தில், கொலைச் செய்தியைத் தொடர்ந்து அதே பதிவு வானொலியில் வந்தது. அந்தக் கணத்துக்குப் பிறகு அதை வெறும் பாட்டாகக் கேட்பது சாத்தியமில்லை. சங்கீதமாக எடை போடவும் முடியாது.

1966 அக்டோபர் 23இல் ஐக்கிய நாடுகள் சபையில் பாடிய 'மைத்ரீம் பஜத'வும் இதே ரகம். காஞ்சிப் பெரியவர் இயற்றியது. மெட்டு இந்திப் பட இசையமைப்பாளர் வசந்த் தேசாய். அதே மேடைக்காக ராஜாஜி எழுதிய ஆங்கிலத் துதி ஒன்றையும் எம்.எஸ். பாடினார். நிகழ்ச்சியின் கௌரவம் பெரிது, பாட்டு சுமார்தான். இதைச் சொன்னால் கோபித்துக்கொள்பவர்கள் உண்டு. ஆனாலும் மெட்டைத் தனியாக எடுத்துப் பாருங்கள். பள்ளிக்கூடப் பிரார்த்தனைக்குப் பொருத்தமாக இருக்கும், அதற்கு மேல் இல்லை.

சுப்ரபாதத்தின் விஷயம் வேறு. வாக்கெடுப்பு வைத்தால் ஜெயிக்கப்போவது அதுதான். எச்.எம்.வி. நிறுவனம் நீள்தட்டாக 1963இல் வெளியிட்டது. 78இன் மூன்று நிமிடக் கெடுபிடி அதற்குள் போய்விட்டது. ஒரு பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்கு மேல் கிடைத்தது. சுப்ரபாதம், ஸ்தோத்திரம், பிரபத்தி, மங்களாசாசனம் என்று எழுபது சுலோகங்களையும் மூச்சுவிடாமல் அடுக்க நீள்தட்டு வந்ததால்தான் முடிந்தது. 15ஆம் நூற்றாண்டில் பிரதிவாதி பயங்கரம் அண்ணா திருமலைக் கோயிலுக்காகச் செய்த துதி. அதன் முதல் சுலோகம் மட்டும் வால்மீகி ராமாயணத்தில் விசுவாமித்திரர் ராமனை எழுப்புகிற இடத்திலிருந்து எடுத்தது. ஒலித்தட்டின் வருமானம் திருப்பதி தேவஸ்தானத்தின் வேதபாடசாலைக்குப் போகும்படி ஏற்பாடு.

இதில் பாடகிக்கு என்ன வேலை? ராகத்தை விரிக்கக் கூடாது. சங்கதி போடக் கூடாது. சொல் தெளிவாக வர வேண்டும், சுருதி விலகக் கூடாது, வேகம் ஏறவோ இறங்கவோ கூடாது. கூர்ந்து கேட்டால் எம்.எஸ். செய்திருப்பது தெரியும். தமிழ் நாக்குக்குப் பழக்கமில்லாத மூச்சொலி எழுத்துகளை, அழுத்திக் காட்டாமல், அதே சமயம் மழுங்கவும் விடாமல் சொல்கிறார். ககரமும் பகரமும் சமஸ்கிருதத்தில் நான்கு நான்காகப் பிரிகின்றன. ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில் வந்து உட்காருகிறது. சுலோக முடிவில் நீட்டும் உயிரெழுத்து தம்பூராவோடு கரைகிறது. இது சாதாரண சாதகத்தில் வராது.

ஆனால் இரண்டு விஷயங்களை யோசிக்க வேண்டும். ஒன்று, அந்தப் பதிவில் எம்.எஸ். தனியாகப் பாடவில்லை, சதாசிவத்தின் மகள் ராதா விஸ்வநாதனும் சேர்ந்து பாடுகிறார். 'எம்.எஸ். குரல்' என்று கோடிக்கணக்கானவர்கள் காலையில் கேட்பது இரண்டு பெண்களின் குரலை. இரண்டும் அவ்வளவு நெருக்கமாக இழைந்திருப்பதால் நாம் ஒன்றாகக் கேட்டுவிடுகிறோம். அறுபது ஆண்டுகளாக ராதாவின் பெயரை மறந்துவிட்டதற்கு நம்மைத்தான் குறை சொல்ல வேண்டும். இரண்டாவது, சுப்ரபாதத்தை யாரும் ஒரு பாடகியைக் கேட்பதாக நினைத்துக் கேட்பதில்லை. டீக்கடையில் அடுப்பு பற்றவைக்கும்போது, பேருந்து நிலையத்தில் முதல் வண்டி கிளம்பும்போது அது காலை நேரத்தின் சத்தமாக ஒலிக்கிறது. பாடியவரை மறைத்துவிடுவதுதான் அந்தப் பதிவின் வெற்றி. அவரை மறைக்கிற பாட்டை அவருடைய அடையாளம் என்று எப்படிச் சொல்வது?

அடுத்தது 'குறையொன்றுமில்லை'. இதைச் சொல்பவர்கள் சங்கீதத்தை மட்டும் சொல்வதில்லை. ஒரு வாழ்க்கைக் கதையையும் சேர்த்தே சொல்கிறார்கள். மதுரையில் தேவதாசி மரபில் வந்த வீணைக் கலைஞர் சண்முகவடிவின் மகளாக 1916இல் பிறந்து, பத்து வயது வாக்கிலேயே இசைத்தட்டில் பாடி, 1968இல் சங்கீத கலாநிதி பட்டம் பெற்ற முதல் பெண்ணாகி, 1998இல் பாரத ரத்னா பெற்ற முதல் இசைக் கலைஞராகி, சம்பாதித்ததையெல்லாம் கொடுத்துவிட்டு எளிமையாக வாழ்ந்த ஒருவர், குறையொன்றுமில்லை என்று பாடுகிறார். கேட்பவருக்குக் கண் கலங்காமல் என்ன செய்யும்? ஆனால் பாட்டை எழுதியவர் ராஜாஜி. திருவேங்கடவனை நோக்கி ஒரு முதிய அரசியல்வாதி சொன்ன சொற்கள் அவை. மெட்டமைத்தவர் எம்.எஸ்.ஸின் பல பாடல்களுக்கு இசை வடிவம் கொடுத்த கடையநல்லூர் வெங்கட்ராமன்.

அந்த மெட்டில் ஒரு சாமர்த்தியம் இருக்கிறது. சிவரஞ்சனி, காபி, சிந்துபைரவி என்று மூன்று ராகங்களில் பாட்டு நகர்கிறது, ஆரம்பம் சிவரஞ்சனி. மோகனத்தின் அந்தர காந்தாரத்தை எடுத்துவிட்டுச் சாதாரண காந்தாரத்தை வைத்தால் சிவரஞ்சனி. மாறுவது ஒரே ஒரு சுவரம். அந்த ஒன்றிலேயே மோகனத்தின் மலர்ச்சி போய் ஏக்கம் வந்துவிடும். நம் சினிமாவில் அழுகைக் காட்சிகளுக்கு இந்த ராகத்தை எத்தனை முறை கூப்பிட்டிருக்கிறார்கள் என்று எண்ணி மாளாது. சொல் குறை இல்லை என்கிறது. ராகம் இருக்கிறது என்கிறது. எம்.எஸ். இரண்டில் எதன் பக்கமும் சாயாமல் பாடுகிறார். காந்தாரத்தைக் குலுக்கி அழவைக்கப் பார்ப்பதில்லை. பின்னால் இதைப் பாடியவர்களில் பலர் அந்த இடத்தில்தான் உணர்ச்சியைக் கொட்டிக் கெடுத்தார்கள்.

இது பெரிய பாட்டு என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அதைக் கேட்டு நாம் அடைகிற திருப்தியில்தான் எனக்குச் சந்தேகம். டி.எம். கிருஷ்ணா 2015இல் 'கேரவன்' இதழில் எழுதிய நீண்ட கட்டுரை, எம்.எஸ்.ஸைச் சுற்றி எழுப்பிய புனித பிம்பத்தையும், அதில் சாதிக்கும் ஆண் அதிகாரத்துக்கும் இருந்த பங்கையும், அதற்கு அவருடைய சங்கீதம் கொடுத்த விலையையும் பற்றிப் பேசியது. அன்று பலருக்கு அது கசந்தது. அவர் சொன்ன எல்லாவற்றையும் நான் ஏற்கவில்லை. ஆனால் நம் விவாதத்துக்கு அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. பிரபலமான வேட்பாளர்களை வரிசையாக நிறுத்திப் பாருங்கள். ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு பெரிய மனிதரோ நிறுவனமோ நிற்கிறது: கல்கி, காந்தி, ராஜாஜி, காஞ்சிப் பெரியவர், திருமலைக் கோயில். 1980இல் தேவஸ்தானத்துக்காகச் செய்த அன்னமாச்சாரியார் இசைத்தட்டு வரிசையையும் இதில் சேர்க்கலாம். எல்லாம் யாரோ விரும்பிக் கேட்டு அவர் பாடிக் கொடுத்தவை. அத்தனையிலும் அவர் இணங்கிப் போகிறவர், நன்றி சொல்கிறவர், குறை சொல்லாதவர்.

குறை சொல்கிற எம்.எஸ். எங்கே இருக்கிறார்? கச்சேரி மேடையில். என்னுடைய ஓட்டு 'ஓ ரங்கசாயி'க்கு.

தியாகராஜர் ஸ்ரீரங்கத்தில் பாடிய ஐந்து கிருதிகளில் ஒன்று அது; காம்போதி, ஆதி தாளம். விஷயம் ஒரு புகார். கூப்பிட்டால் ஏன் என்று கேட்டு வரக் கூடாதா, நீ உன் இடத்தில் சுகமாக இருந்துகொண்டால் எங்கள் கவலை எப்போது தீரும் என்று பக்தர் சண்டை பிடிக்கிறார். பல்லவி அந்த நீண்ட 'ஓ'வில் ஆரம்பிக்கிறது. பாடுகிறவர் உண்மையிலேயே கூப்பிட்டாக வேண்டும். தொண்டை சிறியதாக இருந்தால் கூப்பாடு காவிரியைத் தாண்டாது. எம்.எஸ். அந்த ஒரு எழுத்தை எடுக்கும் விதத்தை மட்டும் கேளுங்கள். குரல் மெல்லத் தொடங்கிப் பெருகுவதில்லை. முதல் கணத்திலேயே முழு அகலத்தோடு வந்து சுருதியில் நிற்கிறது. அடுத்தடுத்த சங்கதிகளில் அதே அழைப்பு ஒவ்வொரு படியாக ஏறுகிறது. மேல் ஷட்ஜத்தைத் தாண்டிப் போகும்போது பெரும்பாலான பெண் குரல்கள் மெலிந்து ஊசியாகும். இது அங்கே இன்னும் கனக்கிறது.

திருவரங்கத்தைப் பூலோகத்து வைகுண்டம் என்று சொல்கிற சரணத்தில் நிரவல். நிரவல் என்றால் ஒரே வரியைத் தாளத்தில் அதன் இடம் பிசகாமல் வைத்துக்கொண்டு, மெட்டை மட்டும் ஒவ்வொரு சுற்றுக்கும் புதிதாகச் செய்வது. முதல் சில சுற்றுகள் நடு ஸ்தாயியில் நிதானமாகப் போகும். காம்போதி அகலமான ராகம். தைவதத்தில் நின்று நிஷாதத்தைத் தொட்டுத் திரும்பினாலே போதும், ராகம் முழுதாக நிற்கும். எம்.எஸ். அவசரப்படுவதில்லை. பிறகு சொற்களுக்கு நடுவே இருக்கும் இடைவெளிகள் குறைய ஆரம்பிக்கும், மிருதங்கம் நெருங்கி வரும், அதே வரி இரண்டாம் காலத்தில் ஓடும். முதலில் வருணனையாக இருந்த வரி பத்தாவது சுற்றில் குற்றச்சாட்டாகி இருக்கும். சொல் ஒன்றுகூட மாறவில்லை. இதை ராஜாஜியாலோ கல்கியாலோ எழுதிக் கொடுத்திருக்க முடியாது.

இந்தக் கட்சிக்கும் ஓட்டைகள் உண்டு என்பது தெரியும். கச்சேரியில் எதைப் பாடுவது, எவ்வளவு நேரம் பாடுவது என்பதையும் சதாசிவமே முடிவுசெய்தார். முன்வரிசையில் உட்கார்ந்துகொண்டு நிகழ்ச்சியை நடத்துவது அவர் வழக்கம். அவர் 1997 நவம்பரில் மறைந்ததோடு எம்.எஸ்.ஸும் மேடையை விட்டார். கனராகங்களில் எம்.எஸ்.ஸின் மனோதர்மம் முன்கூட்டியே தயாரித்து மெருகேற்றியது, ஜி.என்.பி.யைப் போல அந்தந்த நேரத்தில் எடுத்த முடிவு அல்ல என்று பழைய விமர்சகர்கள் சொல்வார்கள். அதிலும் கொஞ்சம் உண்மை இருக்கலாம். ஆனாலும் தயாரிப்பு வேறு, அடிமைத்தனம் வேறு. எந்தப் பாட்டு என்பதைக் கணவர் சொல்லலாம். ஏழாவது சுற்றில் பஞ்சமத்தில் நிற்பதா தைவதத்துக்குத் தாவுவதா என்பதை அந்த வினாடியில் தொண்டைதான் தீர்மானிக்க வேண்டும். பிடிலும் மிருதங்கமும் கவனித்துக்கொண்டிருக்க, அங்கே யாரும் வந்து சொல்லிக்கொடுக்க முடியாது.

இன்னொரு ஆட்சேபம் இதைவிடப் பலமானது. 'காற்றினிலே' என்றால் ஒரே ஒரு பதிவு. எல்லோரும் அதையே கேட்கிறோம், அதையே பேசுகிறோம். 'ஓ ரங்கசாயி' அப்படியல்ல. வானொலி ஒலிபரப்பு, சபாக் கச்சேரிகள், ரசிகர்கள் தங்கள் டேப்பில் பிடித்துக் கைமாற்றிக் கொண்டவை என்று பல வடிவங்கள். ஒன்றில் ஆலாபனை நீளம், ஒன்றில் நிரவல் சுருக்கம், ஒன்றில் குரலுக்கு வயதாகிவிட்டது. எதைப் பிடித்துக்கொண்டு இதுதான் எம்.எஸ். என்பது? எனக்கு இது குறையாகத் தெரியவில்லை. கச்சேரிப் பாடகிக்கு ஒரு பாட்டு என்பது அவர் அதைப் பாடிய எல்லா இரவுகளும் சேர்ந்ததுதான். இளமையில் பாடிய காம்போதியில் துடிப்பு இருக்கிறது, சில இடங்களில் அவசரமும் இருக்கிறது. அறுபதைத் தாண்டிய குரலில் வேகம் குறைந்து, அந்த முதல் 'ஓ' மட்டும் இன்னும் நீள்கிறது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்பவருக்கு ஒரு வாழ்க்கைச் சரித்திரப் புத்தகம் தருவதைவிட அதிகம் கிடைக்கும்.

தேர்தல் வைத்தால் இந்த வேட்பாளருக்கு டெபாசிட் கிடைக்காது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். சபாவுக்குள் கால் வைக்காதவர்கள்தான் எம்.எஸ்.ஸின் ரசிகர்களில் பெரும்பாலானவர்கள். அவர்களுக்கு அரைமணி நேரக் காம்போதி எட்டியதேயில்லை. எட்டாதது அவர்கள் குற்றமும் இல்லை. சபாக்களின் கதவு யாருக்குத் திறந்திருந்தது என்பது தனிக் கட்டுரைக்கான விஷயம். அவர்களிடம் போய் உங்கள் 'காற்றினிலே' போதாது என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் சுப்ரபாதத்தையும் 'குறையொன்றுமில்லை'யையும் மட்டுமே திரும்பத் திரும்ப ஒலிபரப்பி எம்.எஸ். பிறந்தநாளை முடித்துக்கொள்கிற வானொலிக்காரர்களிடமும் தொலைக்காட்சிக்காரர்களிடமும் கேட்கலாம்: அடுத்த செப்டம்பர் 16 அன்று அந்தக் காம்போதியையும் முழுசாக, நிரவலை வெட்டாமல், போடுங்களேன்.